நெல்லையிலிருந்தே வேலை: நிலைக்குமா, சம்பளம் என்னவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் என்று சொந்த ஊரில் இருந்துகொண்டே சென்னை, பெங்களூரு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை பார்ப்பவர்களும், அப்படி வந்துவிடலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

வொர்க் ஃப்ரம் ஹோம் நிலைக்குமா, இல்லை எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்களா?

மாதம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்பது சுருங்கிவிட்டது. சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்கிற கலப்பு முறை காலூன்றிவிட்டது. டி.சி.எஸ். 2020-ல், 2025 வாக்கில் ஊழியர்களில் கால்வாசிப் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று சொன்னது; 2023 அக்டோபரில் வாரம் 5 நாளும் வரச் சொல்லிவிட்டது. விப்ரோ 2023 நவம்பரிலிருந்து வாரம் 3 நாள் கேட்டது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சிலிருந்து ஒரு குறிப்பிட்ட பதவி நிலை வரை உள்ளவர்களை மாதம் 10 நாள் வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து 5 நாள் என்று ஆக்கியது.

வீட்டிலிருந்து வேலை செய்வதை ஊழியரின் உரிமையாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்காக 2022 ஜூலையில் வந்த 43ஏ விதியும், அழைப்பு மையங்களுக்காக 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை தளர்த்திய விதிகளும் நிறுவனத்துக்குத்தான் அனுமதி கொடுத்தன, ஊழியருக்கு அல்ல. எனவே, கம்பெனிக் கொள்கையை நம்பி ஊரில் வீடு கட்ட ஆரம்பிக்காதீர்கள். கொள்கை ஒரே மின்னஞ்சலில் மாறும். உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தை மாற்ற உங்களிடம் பேசியாக வேண்டும்.

அப்படியென்றால் யாருக்கு இது நீடிக்கும்?

வேலையின் விளைவைத் தனியாக எண்ணிப் பார்க்க முடிகிறவர்களுக்கு: மென்பொருள் உருவாக்கம், சோதனை, கணக்கு முடித்துக் கொடுத்தல், வடிவமைப்பு, தொழில்நுட்ப எழுத்து, 5 வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள சப்போர்ட் வேலை. நேரெதிராக, புதிதாகச் சேர்பவர்களுக்கு வீடு நல்ல இடமல்ல. பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டு 2 நிமிடத்தில் தெரிந்துகொள்வதை, சாட்டில் கேட்கத் தயங்கி அரைநாள் தேடுவார்கள். முதல் 2 வருடமாவது அலுவலகத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்புவதே புத்திசாலித்தனம்.

மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றுவது), பில்லிங் வேலைகளில் தடை வேறு. அமெரிக்க நோயாளிகளின் விவரங்களை அந்நாட்டின் ஹிப்பா சட்டம் காக்கிறது. அதனால் தனி அறை, பூட்டுகிற கதவு, மேசையில் காகிதமோ கைபேசியோ இல்லாமை என்று வாடிக்கையாளர் நிறுவனம் நிபந்தனை வைக்கும். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அல்ல அது. வங்கி அட்டை விவரங்களைத் தொடும் வேலையும் அப்படித்தான்.

வீட்டில் இருந்தால் வேலை குறைகிறது என்கிறார்கள். உண்மையா?

வேலையைப் பொறுத்தது. சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010-ல் தன் அழைப்பு மைய ஊழியர்களை வைத்து 9 மாதச் சோதனை நடத்தியது. வாரம் 4 நாள் வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டபோது, வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. அதே நிறுவனம் பிறகு 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் வாரம் 2 நாள் மட்டும் வீடு என்று சோதித்தது. 2024-ல் வெளியான அந்த முடிவில் பதவி உயர்வு பாதிக்கப்படவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள்.

நமக்குப் பக்கத்தில் சென்னையிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தவர்களைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பிரித்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தி 18 சதவீதம் குறைவு. அந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. அம்மா “சும்மாதானே இருக்க, ரேஷன் கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வா” என்று சொல்லும் வீடுகளில் இந்த 18 சதவீதம் ஆச்சரியமே இல்லை.

ஊருக்கு வந்தால் சம்பளத்தைக் குறைப்பார்களா?

ஏற்கெனவே வாங்கும் சம்பளத்தை இந்திய நிறுவனங்கள் நேரடியாகக் குறைப்பது அரிது. குறைப்பு வேறு வழிகளில் வரும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் சம்பளத்தைத் தீர்மானிப்பது நெல்லையின் விலைவாசி இல்லை. நீங்கள் நாளை வேலையை விட்டால் உங்கள் இடத்துக்கு எந்தச் சந்தையிலிருந்து ஆள் எடுப்பார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. பெங்களூருவில்தான் ஆள் கிடைக்கும் என்றால் பெங்களூரு விலை. திருநெல்வேலியிலேயே பத்துப் பேர் கிடைப்பார்கள் என்றால் திருநெல்வேலி விலை. “எனக்கு இங்கே செலவு கம்மி” என்று நீங்களே பேரத்தை ஆரம்பித்தால், இரண்டாவது விலைக்கு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி.

வெளிநாட்டு நிறுவனங்களில் இரு வகை உண்டு. மென்பொருள் நிறுவனமான கிட்லாப் போன்றவை, சம்பளத்தைக் கணக்கிட இடத்துக்கு ஒரு பெருக்கல் எண் வைத்திருக்கின்றன. கூகுள் 2021-ல், அலுவலகத்திலிருந்து தூரமாகப் போகிறவர்களுக்குச் சம்பளம் மாறும் என்று சொல்லி, எவ்வளவு என்று பார்க்க ஒரு கணிப்பானும் வைத்தது. ஏர்பிஎன்பி 2022-ல், ஒரு நாட்டுக்குள் எங்கிருந்தாலும் ஒரே சம்பளம் என்றது. ஆனால் இதெல்லாம் நாட்டுக்குள்தான். அமெரிக்கச் சம்பளம் நெல்லைக்கு வரும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

சரி, குறைப்பு எந்த வழிகளில் வரும்?

மூன்று வழி. வேரியபிள் பே (நிபந்தனையைப் பொறுத்துக் கூடும், குறையும் சம்பளப் பகுதி), ஆண்டு உயர்வு, இப்போதைய சம்பளத்தை வைத்துப் பேசப்படும் அடுத்த வேலையின் ஆரம்ப விலை.

வேரியபிளுக்கு டி.சி.எஸ். 2024-ல் கொண்டுவந்த கணக்கு நல்ல உதாரணம். அலுவலக வருகை 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை. 75 முதல் 85 வரை என்றால் முக்கால் பங்கு. 60 முதல் 75 என்றால் பாதி. 60-க்குக் கீழே ஒன்றுமில்லை. உங்கள் சி.டி.சி.யில் (நிறுவனம் உங்களுக்காக வருடம் செய்யும் மொத்தச் செலவில்) வேரியபிள் 1.2 லட்சம் என்று வைத்தால், ஊரில் இருப்பதற்கான விலை வருடம் 1.2 லட்சம். ஆஃபர் கடிதத்தில் வேரியபிள் எதைப் பொறுத்தது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். “நிறுவனக் கொள்கைப்படி” என்று மட்டும் இருந்தால் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆண்டு உயர்வு அதைவிட ஆபத்து, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. இருவருக்கும் 10 லட்சம். ஒருவருக்கு வருடம் 9 சதவீதம் உயர்வு, ஊருக்கு வந்தவருக்கு 5 சதவீதம். முதல் வருட உயர்வில் வித்தியாசம் வெறும் 40,000. ஆறாவது வருடத்தில் ஒருவர் 15.39 லட்சத்திலும் மற்றவர் 12.76 லட்சத்திலும் நிற்பார்கள். அதற்குள் முதல் 5 வருடத்தில் மட்டும் கைவிட்டுப் போனது 4.59 லட்சம். எல்லாரும் முதல் வருடச் சம்பளத்துக்கு மல்லுக்கட்டுகிறார்கள். கவனிக்க வேண்டியது உயர்வு சதவீதத்தை. வருட மதிப்பீட்டுக்கு 2 மாதம் முன்பே, செய்த வேலைகளை எண்களோடு ஒரு பக்கத்தில் எழுதி மேலாளருக்கு அனுப்புங்கள். நேரில் பார்க்காதவரின் வேலையை அவராக நினைவு வைத்துக்கொள்ள மாட்டார்.

எவ்வளவு குறைத்தால் ஏற்றுக்கொள்ளலாம்?

அமெரிக்காவில் அழைப்பு மைய வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் நடந்த, 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்ய அவர்கள் சராசரியாக 8 சதவீதம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அது ஒரு குறிப்புக்கு. நம் கணக்கை நாமே போட வேண்டும்.

மாதிரிக்கு: பெங்களூருவில் பகிர்ந்த வீட்டு வாடகை 14,000, சாப்பாடு 7,000, போக்குவரத்து 3,000, ஊருக்கு வந்து போக 3,000, மொத்தம் 27,000. நெல்லையில் வீட்டுக்குக் கொடுப்பது 8,000, இரண்டு இணைய இணைப்பு 1,500, மின்சாரமும் பேட்டரித் தேய்மானமும் 1,000, அலுவலகத்துக்கு எப்போதாவது போய்த் தங்குவதை மாதத்துக்குப் பிரித்தால் 4,000, மொத்தம் 14,500. மிச்சம் மாதம் 12,500, வருடம் 1.5 லட்சம். இந்த உதாரணத்தில் கைக்கு வருவது 1.5 லட்சம் குறைந்தால் நீங்கள் முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறீர்கள், லாபமில்லை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். குடும்பமும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருந்தால் மிச்சம் இன்னும் கூடும்.

வரியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2025–26 நிதியாண்டின் புதிய வரி முறையில், நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அதைத் தாண்டினால், 13.45 லட்சம் வரை, தாண்டிய தொகை ஏறத்தாழ முழுவதும் வரியாகவே போய்விடும். ஆக 13.45 வாங்குபவரும் 12.75 வாங்குபவரும் கையில் வாங்குவது ஒன்றுதான். இந்த இடைவெளிக்குள் 50,000 குறைப்பு வந்தால் அதற்காகச் சண்டை போட வேண்டாம். பதிலுக்கு “பணியிடம்: திருநெல்வேலி” என்று எழுதி வாங்குங்கள். இங்கே சொல்வது சி.டி.சி. இல்லை, நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டி ஒதுக்கீடும் போக உள்ள மொத்தச் சம்பளம்.

வாடகைப் படி (எச்.ஆர்.ஏ.), கிராஜுவிட்டி இதெல்லாம் மாறுமா?

புதிய வரி முறையில் வாடகைப் படிக்கு விலக்கே இல்லை, ஆகவே மாற்றமும் இல்லை. பழைய முறையில் இருப்பவர்களுக்குச் சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற வரம்பு, நெல்லையில் 40 ஆகிறது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வேளச்சேரி வாடகை ரசீது கொடுப்பது வரி ஏய்ப்பு. பெற்றோருக்கு வாடகை கொடுத்தால் வங்கி வழியாகக் கொடுங்கள். அவர்கள் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். வருடம் 1 லட்சத்தைத் தாண்டினால் அவர்களின் பான் எண்ணும் வேண்டும்.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது ஊதியமாகவே கணக்கிடப்படும். பணியிடம் மாற்றிப் புதுக் கடிதம் தரும்போது அடிப்படைச் சம்பளத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். கிராஜுவிட்டி அதை வைத்துத்தான். தொழில் வரி சில்லறை விஷயம். எந்த மாநிலத்திலும் வருடம் 2,500-க்கு மேல் போகாது.

வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்த வேலை தருகிறது. மாதம் 1 லட்சம். இப்போது 10 லட்சம் சி.டி.சி. மாறலாமா?

12 லட்சம், 10 லட்சத்தைவிடப் பெரியது போலத் தெரியும். ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு இல்லை. பண்டிகை, காய்ச்சல், கல்யாணம் எல்லாம் சேர்த்து ஒரு மாதம் போகும்: 1 லட்சம். குடும்ப மருத்துவக் காப்பீடு சுமார் 25,000. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் சும்மா இருக்கும் காலத்துக்கு வருடம் ஒரு மாதம் ஒதுக்குங்கள்: இன்னொரு 1 லட்சம். மிச்சம் 9.75 லட்சம். அதாவது ஏறத்தாழ இரண்டும் சமம். 15 லட்சத்துக்குக் கீழே என்றால் யோசித்து மாறுங்கள்.

வரியில் சாதகம் உண்டு. குறிப்பிட்ட தொழில்முறையாளர்களுக்கான அனுமான வரி முறையில் வரவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டலாம். உங்கள் வேலை அந்தப் பட்டியலில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறையில் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். சேவை வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் பில் போட, வருடாவருடம் எல்.யு.டி. உறுதிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை ஒவ்வொரு முறையும் சேமித்து வையுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. முழு இரவு வேலை என்றால் அதற்கும் விலை கேளுங்கள்.

மாதம் 10 நாள் அலுவலகம் என்றால் நெல்லையிலிருந்து சமாளிக்க முடியுமா?

மாதத்தில் 10 நாளைத் தொடர்ந்து எடுக்க விட்டால் முடியும். வாரத்துக்கு 3 நாள் என்றால் முடியாது. சென்னை 600 கிலோமீட்டருக்கும் மேல். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். 2023 செப்டம்பரில் வந்த வந்தே பாரத்தில் சுமார் 8 மணி நேரம். பெங்களூருவுக்கு நாகர்கோவிலிலிருந்து வரும் இரவு வண்டி நெல்லை வழியாகப் போகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். ஞாயிறு இரவு டிக்கெட்டுக்குப் போட்டி அதிகம். ஆகவே உங்கள் 10 நாளை இரண்டு மாதம் முன்பே மேலாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்தால் ஒரே பயணத்தில் முடியும். மாதக் கடைசி இரண்டு வாரமும் அடுத்த மாத முதல் இரண்டு வாரமும் சேர்த்தால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போனாலே கணக்கு சரியாகிவிடும்.

மின்சாரமும் இணையமும்தான் பயம். எதை வாங்க வேண்டும்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. அந்த 5 மணி நேரத்தைத் தாங்குவதுதான் இலக்கு. லேப்டாப் 60 வாட், மானிட்டர் 25, ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 20, சாதாரண ஃபேன் 75, மொத்தம் 180. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியில் எழுத்தளவில் 1,800 வாட்-ஹவர். முழுக்க இறக்கக் கூடாது, இன்வெர்ட்டர் இழப்பும் உண்டு, 1,000 தேறும். 180-க்கு ஐந்தரை மணி நேரம். ஃபேனை, மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் 7 மணி நேரத்தைத் தாண்டும். மொத்தத்தில் பெரிய பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து மறுபடி தொடங்கும். திரும்ப இணைய 2, 3 நிமிடம் ஆகும். அதற்குள் மீட்டிங் போய்விடும். இன்வெர்ட்டரின் பின்பக்க சுவிட்சை யு.பி.எஸ். நிலையில் வையுங்கள், அல்லது ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். போடுங்கள். ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் எல்லாம் எரிந்தும் இணையம் போனால், தெருவில் கேபிள்காரரின் சுவிட்ச் பெட்டிக்குப் பேட்டரி இல்லை என்று அர்த்தம். இணைப்பு எடுக்கும் முன் இதைக் கேளுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு ஃபைபராகவே வர வேண்டும். செம்புக் கம்பியுள்ள ஈதர்நெட் கேபிள் இழுத்தால் இடி மின்னலில் ரவுட்டரும் லேப்டாப்பும் சேர்ந்து போகும். இரண்டாவது இணைப்பு வேறு நிறுவனத்தின் சிம்மாக இருக்கட்டும். இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால், ஆடிக்காற்றில் ஒரு கிளை விழுந்தாலே இரண்டும் போச்சு. தென்காசி, பணகுடிப் பக்கம் இது வருடாவருடம் நடப்பது.

வேகத்தைவிட முக்கியம் தரம். அனுப்பும் தரவு திரும்பி வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கணினியில் 100 முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் தொலைந்தால் 200 எம்.பி.பி.எஸ். பிளானிலும் குரல் உடையும். மாலை 8 மணிக்கும் சோதியுங்கள், தெருவே படம் பார்க்கும் நேரம் அது.

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறியபோது எந்த இன்வெர்ட்டரும் உதவவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் முக்கியமான ரிலீஸ் பொறுப்பு உங்கள் கையில் மட்டும் இருக்காதபடி இன்னொருவரையும் சேர்த்து வையுங்கள். கோவில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் நாட்களில் விடுப்பு எடுத்துவிடுவதே நல்லது. எந்த ஹெட்செட்டும் வில்லுப்பாட்டை வடிகட்டாது.

வீட்டில் இடமில்லை. பக்கத்தில் அலுவலகம் ஏதும் உண்டா?

கங்கைகொண்டானில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் திறந்த நியோ டைடல் பூங்கா, தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் சோஹோ அலுவலகம். ஊரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தில் சேர்ந்தால் திரும்பக் கூப்பிடும் பயம் குறைவு.

“வீட்டிலிருந்தே டைப்பிங், மாதம் 30,000, முன்பணம் 2,500” என்று விளம்பரம் வருகிறதே?

மோசடி. வேலை தருபவர் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், “தவறுக்கு அபராதம், இல்லாவிட்டால் வழக்கு” எல்லாம் ஒரே ரகம். பணம் கட்டிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு.

ஊருக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இப்போது ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

அன்றைக்கே பதில் எழுத வேண்டாம். முதலில் ஆஃபர் கடிதத்திலும் பிறகு வந்த கடிதங்களிலும் பணியிடம் என்ன என்று பாருங்கள். பெங்களூரு என்றே இருந்தால் சட்டப்படி உங்கள் பக்கம் பலம் குறைவு. திருநெல்வேலி என்று மாற்றித் தந்திருந்தால், இது இடமாற்றம். குடிபெயரும் செலவும் கால அவகாசமும் கேட்க நியாயம் உண்டு.

பிறகு மேலாளரிடம் பேசுங்கள், மனிதவளத் துறையிடம் அல்ல. விதிவிலக்கு கேட்டு எழுத வேண்டியவர் அவர். “வர முடியாது” என்பதற்குப் பதில் மூன்று தேர்வுகள் கொடுங்கள்: மாதம் ஒரு வாரம் வருவது, அவகாசத்தைப் பள்ளிக் கோடை விடுமுறை இருக்கும் மே மாதம் வரை நீட்டிப்பது, அல்லது அலுவலக வருகை கேட்காத வேறு புராஜெக்ட். ஒப்புக்கொண்டதை அன்றே மின்னஞ்சலில் எழுதி, மேலாளரின் பதிலையும் வாங்கி வையுங்கள். மேலாளர் மாறும்போது வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும்.

இதோடு கூடவே வேறு வேலையும் தேடுங்கள், ஆனால் கையில் கடிதம் வரும்வரை ராஜினாமா செய்யாதீர்கள். நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால், கூப்பிட்ட தேதி தாண்டியும் நீங்கள் ஊழியர்தான். அந்த நாட்களில் வராமல் இருந்தால் அனுமதியில்லா விடுப்பு என்று பதிவு செய்ய முடியும். அது ரிலீவிங் கடிதத்தைத் தாமதப்படுத்தும். மீதமுள்ள ஈட்டிய விடுப்பை இதற்குத்தான் வைத்திருக்க வேண்டும்: முதல் இரண்டு வாரம் நேரில் போய் முகம் காட்டிவிட்டு, விடுப்பையும் வீட்டு நாட்களையும் கலந்து விண்ணப்பியுங்கள், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒப்புதல் வந்த பிறகே ரயில் டிக்கெட் போடுங்கள்.